பதிவில்லாத மாப்பிள்ளை

"வழக்கு இலக்கம் என்ன?" என்று கேட்டார் ஒஸ்வல்ட்.

"வழக்கு ஒண்டும் இல்ல" என்றார் அழகரத்தினம்.

"வழக்கு இல்லாம வழக்கேட்டுப் பிரதி எப்படித் தாறது, மிஸ்டர்?"

"இல்ல எண்டு எழுதித் தந்தாப் போதும்."

ஒஸ்வல்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். மட்டக்களப்பு நீதிமன்றப் பதிவறையில் தலை நரைத்தவர் அவர். தோற்றவன் வருவான், வென்றவன் வருவான், வழக்கை மறந்துபோனவன்கூட வருவான். நடக்காத வழக்குக்குப் பிரதி கேட்டு ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

அழகரத்தினத்தைக் குறை சொல்லவும் முடியாது. அரசாங்க நெற்களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடைக்குள் இரும்புக் குழலைக் குத்தி, நாலு நெல்லை வெளியே எடுத்துக் கடித்துப் பார்க்காமல் ஒரு மூடையையும் உள்ளே விட்டவரல்ல. இப்போது உள்ளே வரப்போவது மூடை அல்ல, மருமகன்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். அதுவோ யுத்த காலம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். வருகிற மாப்பிள்ளையின் பேரில் பழைய கைது ஏதாவது கிடந்தால், சுற்றிவளைப்பு நாளில் முதல் தட்டு அந்த வீட்டுக் கதவில்தான் விழும்.

தாய்வழிக் குடி பார்த்தாயிற்று. குறிப்பும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை புஸ்பராசா சித்தாண்டிப் பொடியன், நீர்ப்பாசனக் கந்தோரில் உத்தியோகம். மூன்று வரன்களுக்கு மூஞ்சியைத் திருப்பிய மகள் யோகமலர், இவனுடைய படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட விருப்பம் அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடிவிட்டாள். படத்தைத் திருப்பித் தரவில்லை. பெண்ணுக்கு இவ்வளவு பிடித்த இடம் தவறிப்போகக்கூடாது. அதேநேரம் அவள் பின்னாளில் கண்ணைக் கசக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அழகரத்தினம் தூக்கமில்லாமல் கிடந்தார்.

"பேரை வைச்சு இஞ்ச தேட ஏலா, மிஸ்டர்" என்றார் ஒஸ்வல்ட். "எல்லாம் இலக்கம். ஆரப் புடிச்சாலும் முதல்ல எழுதுறது பொலிசில. அங்க போய் இலக்கத்த எடுத்துத்து வாங்க. விண்ணப்பம் எழுதி, முத்திரை ஒட்டித் தந்தா நான் பிரதி எடுத்துத் தருவன்."

"அங்க இலக்கம் இல்ல எண்டு சொன்னா?"

"அப்ப வழக்கும் இல்ல. வீட்ட போய் நிம்மதியாப் படுங்க."

அவர் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார்.

மண்மூடைகளைத் தாண்டி, அடையாள அட்டையைக் காட்டி, சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டி உள்ளே போனால், தமிழ் பேசுகிற ஒரே ஆளாக சார்ஜன் ஹமீட் இருந்தார். நல்ல மனிதர். கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"ஒராள்ட பேர்ல ஏதும் பதிவு இரிக்கா எண்டு பார்க்கணும்" என்றார் அழகரத்தினம்.

"ஆர் அது?"

"புஸ்பராசா எண்டு. ஊர் சித்தாண்டி. இஞ்ச நீர்ப்பாசனக் கந்தோர்ல வேலை."

"உங்களுக்கு என்ன முறை?"

மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை என்று சொன்னால் பொழுதுபடுமுன் ஊருக்கே தெரிந்துவிடும். பொலிசில் போய் விசாரித்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"முறை ஒண்டும் இல்ல. தெரியாத ஆள்."

"தெரியாத ஆள்ட பேரும் ஊரும் கந்தோரும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அழகரத்தினம் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "ஒரு சின்னச் சந்தேகம்..." என்று இழுத்தார்.

அந்த நாளில் பொலிஸ் நிலையத்துக்குள் வாய்தவறியும் சொல்லக்கூடாத சொற்கள் சில இருந்தன. அவற்றில் முதலாவது அதுதான். ஹமீட் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"என்ன சந்தேகம்?"

"ஐயோ, நல்ல பொடியன் எண்டுதான் கேள்வி. ரோட்டால போகக்குள்ளயும் கண்டிரிக்கன்."

"எந்த ரோட்டால?"

"எங்கட வீட்டு ரோட்டால. போன கிழமை ரெண்டு தரம் சைக்கிள்ல போனாரு. வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தாரு."

அன்றைக்கு முற்றத்தில் யோகமலர் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பொடியனுக்கு ஆசை இருக்கிறது என்று மனத்துக்குள் மெச்சி வைத்திருந்ததைத்தான் அழகரத்தினம் நல்ல சாட்சியாக எடுத்து விட்டார். ஹமீட் அதை, 'வீட்டை இரு தடவை நோட்டமிட்டுள்ளார்' என்று எழுதினார்.

"இதில ஒரு கையொப்பம் போடுங்க."

"என்னத்துக்கு?"

"முறைப்பாட்டுக்கு."

"நான் முறைப்பாடு செய்யல்லயே!"

"ஐயா, பொலிசுக்கு வந்து தெரியாத ஆளப் பத்திக் கேட்டிரிக்கீங்க. முறைப்பாடு இல்லயெண்டா, நாங்க உங்களத்தான் சந்தேகப்பட வரும்."

அழகரத்தினம் போட்டார். போட்ட பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"சார்ஜன், அவர்ட பேர்ல பதிவு இரிக்கா இல்லயா எண்டு நீங்க சொல்லல்லயே?"

"இதுக்கு முதல் ஒண்டும் இல்ல" என்றார் ஹமீட், மையை ஊதிக் காயவைத்தபடி.

ஆனாலும் அழகரத்தினம் மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்பினார். "பொடியன்ட பேர்ல ஒண்டும் இல்லயாம்" என்று மனைவி சீதேவிப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மீன்குழம்பில் இன்னொரு அகப்பை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் சந்தைக்குப் போன சீதேவிப்பிள்ளை வெறும் கூடையோடு ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்க! நம்மட மாப்பிள்ளைய கந்தோர்ல வைச்சே ஜீப்பில ஏத்தித்துப் போயித்தாங்களாம். ஆரோ போய்ச் சொல்லிக் குடுத்திரிக்கானாம்."

"ஆராம்?" என்றார் அழகரத்தினம். குரல் வாசலைத் தாண்டவில்லை.

"ஆரோ ஒரு எரிச்சல் புடிச்சவன். நாசமாப் போவான். அவன்ட நாக்கு அழுக! அவனுக்கும் வீட்டில ஒரு குமர்ப்புள்ள இரிந்தா இப்படிச் செய்வானா?"

உள்ளே யோகமலர் விம்மும் சத்தம் கேட்டது. அழகரத்தினம் நிலத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். முப்பது வருடக் குடும்பத்தில் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை.

"நீங்களா?" என்றாள். "விசாரிக்கப் போறன் எண்டு போனது இதுக்கா? அந்தப் புள்ள இனி ஒரு வாய் சோறு தின்பாளா?"

அழகரத்தினம் குடையையும் மறந்து பொலிசுக்கு ஓடினார்.

"முறைப்பாட்டத் திருப்பி எடுக்கப்போறன், சார்ஜன்."

"எடுக்கலாமே" என்றார் ஹமீட். "ஆனா ஏன் எண்டு எழுதணும். நீங்க சொன்னது பொய்யெண்டா உங்களுக்கு வழக்கு. மெய்யெண்டா அவருக்கு வழக்கு. எது வேணும்?"

"ரெண்டுக்கும் நடுவில ஒண்டும் இல்லயா?"

"நாளைக்குக் கோட்டில கொண்டு போய் விடுறம். நடுவில ஒரு ஐயா இரிப்பாரு. அவரிட்டக் கேளுங்க."

மறுநாள் காலையில் நீதிமன்ற வாசலில் கால் வைத்ததும் ஒஸ்வல்ட் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"மிஸ்டர் அழகரத்தினம், இப்ப இலக்கம் வந்திட்டு! விண்ணப்பத்தத் தாங்க, பின்னேரமே பிரதி தாறன்."

அந்த மனிதரின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது அழகரத்தினத்துக்கு. அதற்குள், முதல் பஸ்ஸில் சித்தாண்டியிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெண் தலை கலைந்து, செருப்பில்லாமல் ஒஸ்வல்டை மறித்தாள். மாப்பிள்ளையின் தாய் ஆச்சிப்பிள்ளை. அழகரத்தினம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"தம்பி, என்ட மகன் புஸ்பராசா. பேர் பதிஞ்சிரிக்கா?"

"பதிஞ்சிரிக்கு, அம்மா."

"முழுப் பேருமா? தகப்பன்ட பேரும் இரிக்கா?"

"எல்லாம் இரிக்கு. இலக்கமும் போட்டாச்சு."

ஆச்சிப்பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். மடியை அவிழ்த்து ஒரு வெற்றிலையை எடுத்து நீவினாள். மகன் கூண்டில் ஏறப்போகிறான், தாய் வெற்றிலை போடுகிறாளே என்று அழகரத்தினத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம், விவரம் தெரியாத மனிசி என்று நினைத்துக்கொண்டார்.

புஸ்பராசாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டை கசங்கியிருந்தது, ஆள் முழுதாக இருந்தான். நீதவான் தாள்களைப் புரட்டினார்.

"பிணை கொடுக்கலாம். இந்த நகரத்தில் நிரந்தரமாக வசிக்கிற ஒருவர் வேண்டும். இவரை நன்றாகத் தெரிந்த யாராவது இருக்கிறீர்களா?"

அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்விக்கு யாரும் கையைத் தூக்குவதில்லை. நீர்ப்பாசனக் கந்தோர்க்காரர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஆச்சிப்பிள்ளை எல்லார் முகத்தையும் பார்த்தாள். அழகரத்தினத்தின் கால் அவரைக் கேட்காமலே எழுந்து நின்றது.

"எனக்குத் தெரியும், ஐயா."

"எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"சின்ன வயசில இரிந்து."

"எப்படிப்பட்டவர்?"

"தங்கமான பொடியன். ஒரு பொல்லாப்புக்கும் போகமாட்டாரு. பேர்ல ஒரு பதிவும் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிச்சனான், ஐயா."

நீதவான் தாளுக்குள் குனிந்தார். "பிணை நிற்பவர் பெயர்?"

"அழகரத்தினம்."

"முறைப்பாடு செய்தவர் பெயர்?" என்று ஹமீட்டைக் கேட்டார்.

"அழகரத்தினம், ஐயா."

"யார் அந்த அழகரத்தினம்?"

ஹமீட் விரலை நீட்டினார். நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆச்சிப்பிள்ளை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அழகரத்தினம் இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ட மகளுக்குப் பேசின மாப்பிள்ளை, ஐயா. நல்ல ஆளா எண்டு பார்க்கத்தான் போனன். அவங்க எழுதிக்கொண்டே போனாங்க, நான் சொல்லிக்கொண்டே போனன்."

"அப்போது அந்த நோட்டமிட்டது?"

"அது பொம்புளை பார்த்தது, ஐயா."

முதலில் ஒரு சட்டத்தரணி சிரித்தார். பிறகு காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். நீதவான் கைலேஞ்சியால் வாயை மூடியபடி புஸ்பராசாவை விடுதலை செய்தார். அழகரத்தினத்துக்குக் கடும் எச்சரிக்கை. இரண்டும் ஒரே ஏட்டில் பதிவாயின.

வெளியே வாகை மரத்தடியில் அழகரத்தினம் தலை குனிந்து நின்றார். புஸ்பராசா கிட்ட வந்தான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தார்.

"மாமா, வேலிக்கு மேலால பார்த்தது மெய்தான்" என்றான் அவன் வெட்கத்தோடு. "ஆனா ரெண்டு தரம் இல்ல, அஞ்சு தரம்."

அழகரத்தினத்துக்குக் கண் கலங்கியது. மகனைத் தாண்டித் தாயிடம் போனார்.

"தங்கச்சி, என்னை மன்னிக்கணும். மகன்ட பேர்ல பதிவு இல்ல எண்டு ஒரு கடதாசிக்குத்தான் இவ்வளவு அலைஞ்சன். கடைசியில நானே பதிய வைச்சித்தன். உங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேணாமெண்டா நான் ஒண்டும் சொல்ல ஏலா. கோட்டுப் புத்தகத்தில பேர் விழுந்தது விழுந்ததுதானே."

ஆச்சிப்பிள்ளை வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். மகனின் கசங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"கலியாணம் நடக்கட்டும், நாளப் பாருங்க. ஆனா அண்ணன், பதிவு இல்ல எண்டு கடதாசிதான் வேணுமெண்டா என்னட்டக் கேட்டிரிக்கலாமே. தொண்ணூறாம் ஆண்டு புடிச்சித்துப் போன என்ட மூத்தவனுக்கு, போன போன இடமெல்லாம் அதத்தான் எழுதித் தந்தாங்க. ஒரு பெட்டி நிறையக் கிடக்கு."