சந்தையைக் காணக் கடல் கடந்தவர்கள்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்காகப் பயணம் போனவர்களின் பட்டியலை என்றைக்காவது கல்லில் செதுக்குவார்களானால், அந்த நகராட்சியின் ‘சந்தை மேம்பாட்டு ஆய்வுக் குழு’வுக்கு அதில் நிச்சயம் இடம் ஒதுக்க வேண்டும். கல் சின்னதாக இருந்தால் வேறு யாரையாவது எடுத்துவிடலாம். தக்காளி எப்படி விற்கப்படுகிறது என்பதை நேரில் கண்டறிவதற்காக, வீட்டு வேலைகளையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, விமானம் மாறி விமானம் ஏறிப் போனவர்கள் அவர்கள்.

குழுவில் மூன்று பேர். நகராட்சித் தலைவர், பொறியாளர், சந்தை ஆய்வாளர். முதல் இருவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். குப்பையை ஆராய ஒரு நாட்டுக்கும், தெருவிளக்கை ஆராய இன்னொரு நாட்டுக்கும், சாக்கடையை ஆராய அருவிகளுக்குப் பேர்போன ஒரு நாட்டுக்கும் போய்வந்திருக்கிறார்கள். ஊரில் குப்பையும் இருட்டும் சாக்கடையும் இன்னும் அப்படியே இருப்பது, மேற்கொண்டு ஆராய இடம் வைத்திருக்கும் அவர்களுடைய முன்யோசனைக்குச் சான்று. பார்க்க வேண்டிய நாடுகளையெல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டதால் இந்த முறை யாருமே போகாத நாடாக ஒன்று தேவைப்பட்டது. வரைபடத்தில் தலைவர் விரல் வைத்த இடத்தில் அது இருந்தது. விரலை எடுத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

சந்தை ஆய்வாளர் மட்டும் அதுவரை பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. போகிற இடத்தில் யாராவது சந்தையைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரில் அவருடைய உத்தியோகம் ஒரு கோடு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய சந்தையில், தினமும் விடிந்ததும் நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு போடுவார். கூடை, சாக்கு, தராசு, ஆள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். தாண்டினால் பறிமுதல். அதனால் சந்தையில் அவருக்குக் ‘கோட்டுச்சாமி’ என்று பெயர். அப்படிப்பட்ட கோட்டை ஒரு சாண் தாண்டியே தினமும் கூடையை வைத்தவள் ஒரே ஒருத்திதான். அவள் அவருடைய அக்கா.

அக்கா கீரையும் எலுமிச்சையும் விற்றாள். அந்தக் கூடையிலிருந்துதான் ஆய்வாளருடைய படிப்பு, கால்சட்டை, கல்யாணம் எல்லாம் வந்தன. ஆகவே அக்காவின் கூடை இருக்கும் இடத்துக்கு வந்ததும் கோடு கொஞ்சம் வளைந்து, கூடையைச் சுற்றிக்கொண்டு போகும். நகராட்சி ஊழியர் ஒருவரால் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடிய நன்றிக்கடன் அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சந்தையையே இடித்துவிட்டு ‘ஒருங்கிணைந்த வணிக வளாகம்’ கட்டப்போகிறார்கள். கீழே கார் நிறுத்த இடம், மேலே கண்ணாடிக் கடைகள். கூடைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டவர்களுக்கு, அது ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அப்படியென்றால் அதைப் பற்றி யாரும் நினைத்தே பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பது, அலுவலகத்திலேயே தலை நரைத்த ஆய்வாளருக்குத் தெரியும்.

பயணம் சொல்லிக்கொள்ளப் போனபோது, விமானத்தில் குமட்டினால் மோந்து பார்க்கச் சொல்லி அக்கா இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். அப்புறம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

“தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு தம்பி. கடையெல்லாம் எனக்கு வேண்டாம். புதுக் கட்டடத்துல உக்கார ஒரு இடம். அது போதும்.”

தலைவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதுதான் எதையும் காதில் வாங்குவார். வெளிநாட்டில்தான் அவர் நல்ல மனநிலையில் இருப்பார். ஆகவே கட்டாயம் சொல்கிறேன் என்று ஆய்வாளர் வாக்குக் கொடுத்தார்.

அந்த நாட்டில் அவர்களை வரவேற்க மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வந்திருந்தாள். வந்த முதல் நாள் ‘பொது ஆய்வு’. அதாவது ஊர் சுற்றிப் பார்ப்பது. அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. பார்க்க யாரும் வருவதில்லை என்பதால் காப்பாளர் சாவியோடு வீட்டில் இருந்தார். கூப்பிட்டு அனுப்பியதும் பாதிச் சவரத்தோடு ஓடிவந்து கதவைத் திறந்து, ஆள் வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் இரண்டு தரம் காட்டினார். பிறகு ஒரு பழைய கோட்டைக்குப் போனார்கள். பொறியாளர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மதிலைத் தட்டிப் பார்த்தார். இடித்தால் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கார் நிறுத்தலாம் என்று தமது தொழில்நுட்பக் கருத்தைச் சொன்னார். ஏரிக்கரையிலும் அதையேதான் சொன்னார், இடிப்பதற்குப் பதில் மூடினால் என்று மாற்றி.

அன்றைக்கு முழுக்கத் தலைவருக்குக் கால் வலி. ஆய்வாளர் அக்கா விஷயத்தை மறுநாளைக்கு ஒத்திப்போட்டார்.

மறுநாள் சந்தை.

குறுகலான ஒரு தெரு. இரண்டு பக்கமும் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள் பாதையை முக்கால்வாசி விழுங்கியிருந்தன. வெங்காயச் சருகு பறந்தது. ஒரு கிழவர் கோழியோடு குறுக்கே வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் விலை சொல்லிக் கத்தினார்கள். ஆய்வாளரின் கண் அவரைக் கேட்காமலே சுண்ணாம்புக் கோட்டைத் தேடியது. கோடு இல்லை.

தலைவரோ நடுத்தெருவில் நெஞ்சில் கை வைத்து நின்றுவிட்டார். என்ன உயிரோட்டம், என்ன மனித நேயம், சந்தை என்றால் இதுவல்லவா சந்தை என்று உருகினார். பொறியாளரும் உடனடியாக உருகினார்.

கீரை விற்ற ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து தலைவர் பேரம் பேசினார். ஊரில் அவர் வீட்டுக்குக் காய்கறி தானாக நடந்து வந்துவிடும். அதனால் வாங்கிய பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதே அவருக்கு அந்த மண்ணின் பண்பாடாகத் தோன்றியது. அதை மதித்து, பேரத்தில் குறைத்த தொகையைக் கொடுத்தார். சமைக்க அடுப்பில்லாத விடுதி அறைக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கியாயிற்று. கீரைக்காரி தண்ணீர் தெளித்துக் கட்டி, கேட்காமலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் மேலே வைத்தாள். தலைவர் கண் கலங்கிவிட்டார்.

“யார் என்ன சொன்னாலும் இந்தச் சந்தையை மாத்திடாதீங்கன்னு இந்த அம்மாகிட்ட சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் சொன்னாள். கீரைக்காரி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள்.

“உங்க ஊர்ல சந்தை கிடையாதான்னு கேக்கறாங்க.”

“இருக்கு, இருக்கு. ஆனா அதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி அடித்தது. ஊரிலிருந்து ஒப்பந்தக்காரர். சந்தையில் இடிக்கிற இயந்திரம் வந்து நிற்கிறது, இன்றைக்கே தொடங்கலாமா என்று கேட்டார். தலைவர் கீரைக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடியே அனுமதி கொடுத்தார். “நான் வர்றப்போ வெறும் தரைதான் தெரியணும்” என்று சொல்லிவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டு, மறுபடியும் கண் கலங்கினார். விட்ட இடத்திலிருந்து கலங்குவதற்கு நிறையப் பொது அனுபவம் வேண்டும்.

இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று ஆய்வாளர் ஓரடி முன்னால் வந்தார்.

“ஐயா, நம்ம சந்தையில எங்க அக்காகூட இப்படித்தான் கீரை விக்கிறாங்க. இதே மாதிரிதான் கூடை வெச்சு, தண்ணி தெளிச்சு. கேக்காமலே எலுமிச்சம்பழமும் கொடுப்பாங்க. புதுக் கட்டடத்துல அவங்களுக்கு ஒரு இடம் கொடுத்தா புண்ணியமா போகும்.”

தலைவர் அவரை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு கீரைக்காரியைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“இதே மாதிரியா? என்னய்யா, இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? கொடுத்துட்டா போச்சு. வாசல்லயே கொடுக்கறேன்.”

ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் அக்காவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். வாசல்லயேவா என்று அவள் மூன்று தரம் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இயந்திரம் உறுமுவது இவருக்கும் கேட்டது. போகட்டும், இடம்தான் கிடைத்துவிட்டதே என்று சமாதானம் சொன்னார்.

தலைவர் வாக்குத் தவறாதவர் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். வளாகம் எழும்பியது. கார்கள் நின்றன. கண்ணாடி பளபளத்தது. வாசலுக்கு நேராக, மேலே விளக்குப் போட்டு, ‘உயிரோட்டமுள்ள பாரம்பரியச் சந்தை’ என்ற பலகையின் கீழ் அக்காவுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். கீழே சாக்கு, முன்னால் கூடை, கையில் தராசு, மாதச் சம்பளம். மற்ற கூடைக்காரர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாதிரிக்கு ஒன்று போதுமே.

கூடையில் கீரையும் எலுமிச்சையும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருந்தார்கள். வாடாது, ஈ மொய்க்காது. அக்கா செய்ய வேண்டியதெல்லாம் தண்ணீர் தெளிப்பதும், அவ்வப்போது விலை சொல்லிக் கூவுவதும்தான். விற்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. அதற்கு மேல்மாடியில் கடைகள் இருக்கின்றன.

திறப்பு விழாவில் தலைவர் அயல்நாட்டு அனுபவத்தை விவரித்துப் பேசினார். குறித்த இடத்தில் கண் கலங்கினார். கூட்டம் அக்காவைச் சூழ்ந்து நின்று படம் எடுத்தது. அவளுடைய பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி பையை நீட்டி, ஒரு கட்டு முளைக்கீரை கேட்டாள். அக்கா வாயைத் திறந்தாள். அப்புறம் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் பையை மடித்துக்கொண்டு போனாள்.

ஆய்வாளருக்கு அங்கேயும் பழைய உத்தியோகம்தான். காட்சிப்பொருளை யாரும் தொட்டுவிடாமல் அக்காவைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார். இந்தத் தடவை பெயின்ட். அளந்து போட்டது, வளையாது.

கூட்டம் கலைந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் கூடையை முன்னால் தள்ளினாள். அது கோட்டை ஒரு சாண் தாண்டியது. தலைவர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். ஆய்வாளர் குனிந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கூடையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமும் நடுத்தெருவுலதானேடா உக்காந்திருந்தேன். என்னைப் பாக்கறதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?”