வாழைமரத்திடம் சொன்ன சேதி

எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. பாத்திரம்தான் சத்தம் போடும். இந்த அறுபத்தெட்டு வயதில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அதுவும் மைக்கில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். நினைத்தால் இன்னமும் காது சுடுகிறது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசமாட்டாள். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வாசலில் கட்டியிருக்கும் எருமையிடம்தான் பேசினேன். "ஏ கருப்பி, காப்பி ஆறுதுன்னு சொல்லு" என்பேன். மாமாவும் அதனிடமே, "சக்கரை கம்மின்னு சொல்லு" என்பார். (ஐம்பது வருசத்தில் எருமைகள்தான் மாறின.)

போன ஆவணியில் மாமாவுக்குத் தொண்ணூறு. பரமத்தி வேலூரில் மண்டபம் பிடித்து விழா வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் கொழுந்தனார். பொங்கலுக்கு வந்து, பானை பொங்கும் முன்னே காரைக் கிளப்புகிற ஆள். மேடையேறும்போது என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"அண்ணி, அப்பாவப் பத்தி நாலு வரி. படிச்சுப்போடுங்க, போதும்."

"நா மாட்டனுங்க."

"மூத்த மருமவ பேசலைன்னா சனம் என்ன நெனைக்கும்?"

காப்பாற்ற வேண்டிய என் வீட்டுக்காரர், பந்தியில் அப்பளம் பொரித்தாகிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். (அந்தக் கோபம் தனி.)

நான் படித்தது ஐந்தாவது. 'குலவிளக்கு', 'தியாகச் சுடர்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தூக்கிவைத்துக்கொண்டு போனேன். கடைசி வரியையும் அப்படியே வாசித்தேன்: "நாளை முதல் மாமா சேலத்தில் இளைய மகனோடு இருப்பார்."

எல்லோரும் கைதட்டி முடித்த பிறகுதான் நான் என்ன வாசித்தேன் என்பது மண்டையில் ஏறியது. மாமாவைக் கேட்கவில்லை, எங்களைக் கேட்கவில்லை. என் வாயாலேயே அவரை அனுப்பிவிட்டார்கள்! மாமா மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவரைப் பார்த்துப் பேச வரவில்லை. எருமையும் இல்லை. மேடைத் தூணில் கட்டியிருந்த வாழைமரத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஏ வாழமரமே! குலவெளக்குமில்ல, சுடருமில்ல, அவரு எங்க மாமா! பெரியவன் பொறந்து நாங் காச்சல்ல கெடந்தப்ப, அத்தைக்குத் தெரியாம அடுப்புல களி கிண்டுனவரு. கட்டி கட்டியா வுழுந்துபோச்சு. மாமனார அடுப்பூத வெச்சவன்னு எனக்குப் பேரு வரக்கூடாதுன்னு, 'மருமவதாங் கிண்டுனா'ன்னு சொல்லிப்போட்டாரு. அத்தை சாவற மட்டும் அந்தக் களியச் சொல்லிக் காட்டுனாங்க. நா வாயே தொறக்கலை. அப்பேர்ப்பட்ட மனுசன அனுப்ப மாட்டேன்னு சொல்லு!"

மண்டபம் வாயைப் பிளந்தது. வீடியோக்காரர் என்னை விட்டுவிட்டு வாழைமரத்தைப் படம் பிடித்தார். கொழுந்தனார் முகம் சுட்ட கத்தரிக்காய் ஆனது.

மாமா மெல்ல எழுந்தார். அவரும் வாழைமரத்தைத்தான் பார்த்தார்.

"சேலத்துல மூணாவது மாடியில ஊடு. எருமையுமில்ல, மரமுமில்ல. நா யாருகிட்டப் பேசறது? வர்லைன்னு சொல்லு."

அன்றிலிருந்து கொழுந்தனார் போன் போட்டால், "வாழமரம் சொகந்தானுங்களா அண்ணி?" என்றுதான் ஆரம்பிக்கிறார். பேரன் பேத்திகள் ஃபிரிட்ஜைப் பார்த்து, "பசிக்குதுன்னு சொல்லு" என்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காலை களி போட்டேன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு எருமையிடம் சொன்னார், "கட்டி வுழுந்திருக்குதுன்னு சொல்லு."

"அன்னைக்கு மாதிரி அவரே கிண்டிப்போட்டு எம்மேல சொல்லட்டும்னு சொல்லு" என்றேன்.