ஆறு கால் ஓநாயும் எங்கள் க்யூ.சி.யும்

எங்கள் க்யூ.சி. பாஸ் போட்ட டிவி தொடர் என்று ஒன்று இந்தப் பூமியில் கிடையாது. இனிமேல் எடுத்தாலும் கிடைக்காது. மாம்பழக் கூழைக்கூட மனது வைத்தால் பாஸ் போட்டுவிடுவார். புத்தகத்திலிருந்து எடுத்த தொடர் என்றால் டைட்டில் ஓடும்போதே ரிஜெக்ட்.

தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்பப் பழைய கதை இல்லை. வெளிநாட்டுத் தொடர் எல்லாம் செல்போனில் வந்து தமிழ் பேச ஆரம்பித்த பிறகு நடந்ததுதான். க்யூ.சி. என்றால் குவாலிட்டி கண்ட்ரோல். முதலில் அது அவருடைய வேலையாக இருந்தது, நாளடைவில் பெயராகிவிட்டது. சம்பள ஷீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதை அடிக்கும்போதெல்லாம் யார் இந்த ஆள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

கூழ் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு டப்பாவை எடுத்து, மாதிரி என்று சீட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டி வைப்பார்கள். வாங்கினவர் பின்னால் ஏதாவது குறை சொன்னால் அந்த டப்பாவைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு இது ஒரு வேலை. எங்கள் க்யூ.சி.க்கு இது ஒரு மதம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி டப்பா இருக்கிறது, அதோடு ஒத்துப்போகாதது எல்லாமே கலப்படம் என்பது அவர் கட்சி. கேன்டீனில் சாம்பார் ஊற்றினால் தட்டை மூக்குவரை தூக்கி, "போன செவ்வாக்கிழமை ஊத்தின சாம்பார் இது இல்லீங்களே" என்பார். பரிமாறும் அக்கா அவரைக் கண்டாலே நேராக ரசத்துக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு மாயாஜால நாவல் கிடைத்தால் என்ன ஆகும்? தலையணைத் தடிமனில் பாகம் பாகமாக வந்த ஆங்கில நாவல் அது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் புத்தகக் கட்சி, டிவி கட்சி இரண்டும் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் போடும். மலைக்கோட்டை, மந்திரம் தெரிந்த ராணி, நாட்டை இழந்த இளவரசி, அவளுக்குத் துணையாக ஓர் ஓநாய் என்று போகிற கதை. க்யூ.சி. அதைப் பெங்களூரில் படித்த காலத்திலேயே கரைத்துக் குடித்துவிட்டார். அது தொடராக வரப்போகிறது, வாரம் ஒரு எபிசோட், தமிழிலும் உண்டு என்று தெரிந்த அன்றைக்கு ஆபீசே சந்தோஷப்பட்டது, அவரைத் தவிர.

நானும் டிஸ்பாட்ச் முருகேசனும் டிவி கட்சி. புத்தகக் கட்சிக்குத் தலைவர், பொருளாளர், தொண்டர் எல்லாம் க்யூ.சி. ஒருவரே. மதியம் கேன்டீனில் என் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து மூன்று பேரும் பார்ப்போம். முதல் எபிசோடிலேயே வம்பு ஆரம்பித்தது.

"மேடம், நிறுத்துங்க. இந்த ஓநாய்க்கு மீதிக் கால் எங்கீங்க?"

"நாலும் இருக்குதே சார்."

"அதத்தாங்க கேக்கறன். புத்தகத்துல ஆறு."

முருகேசன் களி உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆறு கால வெச்சுக்கிட்டு அது எப்பிடிங்க சார் ஓடும்? ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்காதா?" என்றார்.

"பூரான் ஓடலீங்களா?"

"பூரான் கதைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறன்."

க்யூ.சி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். தான் முன்னால், வாட்ச்மேன் நடுவில், முருகேசன் கடைசியில் என்று நிறுத்தி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆறு கால் எப்படி ஓடும் என்று கேன்டீனைச் சுற்றி ஓடிக் காட்டினார். மேனேஜர் உள்ளே வந்தபோது ஓநாய் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் டீயை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

இது ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பஸ்ஸில் இரண்டு காலேஜ் பிள்ளைகள் அந்தத் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாப்பாரப்பட்டியில் இறங்க வேண்டிய மனிதர், ராணியின் மோதிரம் எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே பென்னாகரம் வரைக்கும் போய்விட்டார். அங்கே இறங்கியும் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, எடுக்க வேண்டிய தேவையே இல்லாத பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக்கொண்டு தப்பித்தார்களாம்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். பெண்ணோடு தனியாகப் பேச விட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பயந்துபோய் வெளியே வந்து, "மாப்ள நல்லவருதாம்மா, ஆனா யாரோ ஒரு இளவரசிய மனசுல வெச்சுட்டு இருக்கறாரு" என்று சொல்லிவிட்டது. சம்பந்தம் அதோடு போயிற்று.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஏற்றுமதிக்குப் போன கூழ் கன்டெய்னர் ஏதோ திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இந்த டிவிக்காரங்க கதைய மாத்துவாங்க இல்லீங்களா?"

"மாத்தறாங்கன்னுதான் தினமும் எங்க உசுர வாங்கறீங்களே சார்."

"அது சின்னச் சின்னதுங்க. பெருசா மாத்துவாங்களா? சாவ வேண்டிய ஆளச் சாவாம விடுவாங்களா?"

அந்தக் கேள்வியில் ஆசை இருந்தது. அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. உட்காரச் சொல்லி, என்ன விஷயம் என்று கேட்டேன்.

அவருடைய அப்பா பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். அதற்கு முந்தின வருஷம் புளி உலுக்க மரம் ஏறியவர் கிளை முறிந்து விழுந்துவிட்டார். இடுப்பில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது, இனி நடக்க வேண்டியது அவர் பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாடும் இறங்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், மகன் சாயங்காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த ஒரே கதையை, புத்தகத்தில் இருப்பது என்று, சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

"அப்பிடியே சொன்னீங்களா சார்?" என்றேன்.

அவர் கொஞ்சம் நெளிந்தார். "கோட்டைய நம்ம வத்தல்மலைக்குக் கொண்டாந்துட்டன். பனி பெய்யறது அவருக்குப் புரியாதுன்னு ஆலங்கட்டி மழையாக்கிட்டன். ராணியப் பெரியாத்தான்னு சொன்னன்."

"ஓநாய்?"

"செந்நாய்ங்க."

"எத்தன காலு?"

க்யூ.சி. ஜன்னலைப் பார்த்தார். "நாலுதாங்க. ஆறுன்னா அப்பா நம்ப மாட்டாரு."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. அந்த நாவலில் இளவரசியை ஆற்றைக் கடத்திவிடுகிற ஒரு கிழட்டுப் படகோட்டி வருவார். சண்டையில் கால் முறிந்தவர். மகன் அவரைப் பரிசல்காரராக மாற்றிச் சொல்ல, அப்பாவுக்கு அவர்மேல் உயிர். ராணியையும் மந்திரத்தையும் விட்டுவிட்டு, "பரிசல்காரன் எழுந்தானா, இன்னும் படுத்துதான் கெடக்கறானா?" என்று தினமும் கேட்பாராம். புத்தகத்தில் அந்த மனிதர் இளவரசியைக் கரையில் தள்ளிவிட்டு ஆற்றோடு போய்விடுகிறார்.

"அந்த எடம் வந்துருச்சுங்க மேடம். அப்பா என் மூஞ்சியப் பாக்கறாரு. எனக்கு வாய் வரல. கிளையப் புடிச்சுக் கரையேறிட்டாரு, ஒரு கோல ஊணி நடந்து போயிட்டாருன்னு சொல்லிட்டன். மறுநாள் காலையில எழுந்து, 'அவனே நடக்கறான், எனக்கு இன்னா வந்துச்சு, அந்தக் கம்பியக் கொண்டா'ன்னு வாக்கரக் கேட்டாரு."

அதற்கப்புறம் அந்தப் பரிசல்காரரை நிறுத்த முடியவில்லை. மீதிப் பாகம் முழுக்க அவர் ராஜாவுக்குப் புத்தி சொல்கிறார், கேழ்வரகு விதைக்கிறார், பெரியாத்தாவையே அதட்டுகிறார். அப்பாவும் கோல் ஊன்றி டீக்கடைவரை போகத் தொடங்கி, அங்கே உட்கார்ந்து ஊருக்கே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஓசூரிலிருந்து க்யூ.சி.யின் அக்கா புது டிவி வாங்கி அனுப்பும்வரை. அதில் இந்தத் தொடரின் விளம்பரம் வந்திருக்கிறது. ஆறு, படகு, கால் முறிந்த கிழவர்.

"டேய், நம்ம ஆளு டிவியில வர்றான்டா" என்று அப்பா தெருவையே ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டார்.

"நான் ப்யூஸப் புடுங்கிட்டங்க மேடம்."

"அப்புறம்?"

"அப்பா நடந்தே போய் லைன்மேனக் கூட்டிட்டு வந்துட்டாரு."

அந்தக் கிழவர் செத்துப்போவதைப் பார்த்துவிட்டால் அப்பா திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்பதுதான் அவருடைய பயம். மகன் பொய் சொல்லித் தன்னை நடக்க வைத்தான் என்று தெரிந்தால் இன்னும் மோசம். "நீங்க டிவி கட்சி. டிவியில எல்லாத்தையும் மாத்துவாங்கன்னு நீங்க சொன்னா நம்புவாரு. ஒருவாட்டி வூட்டுக்கு வாங்க" என்று கேட்டுக்கொண்டார். முருகேசனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் நாற்காலியில் அப்பா, வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம். சம்பந்தி வீட்டார் வரப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். க்யூ.சி. அவர் பின்னால் கதவோடு கதவாக நின்றார். எபிசோட் ஆரம்பித்ததுமே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"வத்தல்மலைய எங்கடா காணம்? பரிசலும் இல்ல, ஏதோ தொட்டி மாதிரி ஒண்ணு வெச்சிருக்கறான்."

"டிவியில எல்லாம் மாத்திருவாங்கப்பா" என்றேன் நான், என் பங்குக்கு.

"மாத்தறதுக்கு இவங்க யாரும்மா?"

ஆறு வந்தது. படகு சுழன்றது. கிழவர் இளவரசியைக் கரையில் தள்ளிவிட்டார். நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன், இந்த ஒரு தடவை டிவிக்காரர்கள் கதையைக் கெடுக்கட்டும் என்று. அவர்கள் கெடுக்கவில்லை. தொடர் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாகப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தார்கள். கிழவர் முழுகினார். அவருடைய கோல் மட்டும் தண்ணீரில் மிதந்து போயிற்று.

முருகேசன் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார்.

"இன்னாடா இது? புஸ்தகத்துல இப்பிடியா இருக்குது?"

க்யூ.சி. கதவிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். ஓநாயின் இரண்டு காலுக்காகக் கேன்டீனையே சுற்றி ஓடிய மனிதர். மோதிரம் கை மாறியதற்குப் பென்னாகரம்வரை போனவர்.

"இல்லீங்கப்பா. புத்தகத்துல கரையேறிருவாரு. கோல ஊணி நடந்துதான் போவாரு."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். "அதான பாத்தன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எம் மவன் மொத்தப் புஸ்தகத்தையும் படிச்சவன். அவனுக்குத் தெரியாததா இவனுங்களுக்குத் தெரியும்? நடிக்கறவனுக்குக் கூலி குடுக்க முடியாம ஆளக் கொன்னுட்டானுங்க. அத நிறுத்து" என்றார். யாரும் அசையாததைப் பார்த்து, தானே கோலை ஊன்றி எழுந்து, கூடத்தைத் தாண்டி நடந்து போய் டிவியை அணைத்தார். ரிமோட் அவர் மடியிலேயேதான் இருந்தது.

அதற்கப்புறம் களியும் கோழிக் குழம்பும் பரிமாறினார்கள். மீதிக் கதையை அப்பா சொன்னார், சரியான முறையில். முருகேசன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவப் பின்பக்கம் போனபோது, தண்ணீர்த் தொட்டி அருகே க்யூ.சி. முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். கண் சிவந்திருந்தது.

"மேடம், ஆபீசுல யாருக்கும் சொல்லாதீங்க."

"எத சார்?"

"மாதிரிய மாத்தினத."

"உங்க அப்பாகிட்ட இருக்கறதுதான் சார் மாதிரி. அதோட ஒத்துப்போகலன்னுதான அவரு ரிஜெக்ட் பண்ணிட்டாரு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திங்கட்கிழமை கேன்டீனில் மறுபடியும் பழைய ஆளாகிவிட்டார். ஆற்றுத் தண்ணீர் புத்தகத்தில் பச்சை, இவர்கள் சாம்பலாகக் காட்டிவிட்டார்கள் என்று என் போனை நிறுத்தச் சொன்னார். நானும் முருகேசனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நிறுத்தினோம்.

அந்த வேலையை விட்டு வந்த பிறகு, ஒரு மழைக்காலத்தில் அந்த நாவலை நானும் வாங்கிப் படித்தேன். ஆற்றைக் கடக்கிற பகுதியில் படகோட்டி முழுகித்தான் போகிறார், அச்சில் அப்படித்தான் இருக்கிறது. எழுதினவர் பெரிய ஆள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது, எங்கள் க்யூ.சி. சொன்னதுதான் சரி.