வாடை வைத்தியரும் ஈட்டி மர நாற்காலியும்

மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து அடையாற்றுப் பாலம் வரை நீங்கள் எந்தத் தெருவில் குடியிருந்தாலும், உங்கள் வீட்டிலிருந்து நாற்பது அடிக்குள் ஒரு வாடை வைத்தியர் வசிக்கிறார். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். எங்களுடையவர் முப்பத்திரண்டு அடி.

அவரை அடையாளம் காண்பது எப்படி? மரச்சாமானில் குழந்தை நனைத்துவிட்டால் நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியதே இல்லை. செருப்பை வாசலில் ஜோடியாக விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமானை ஒரு முறை வலம் வந்து, கண்ணை மூடி, இடது மூக்கால் ஒரு தரமும் வலது மூக்கால் ஒரு தரமும் இழுத்து, "ம்" என்பார். அந்த "ம்"முக்குப் பிறகு உங்கள் வீடு உங்களுடையதல்ல.

எங்கள் கதையைக் கேளுங்கள். 1974 ஜூன் 9, ஞாயிறு, காலை 10.20. ஆழ்வார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கூடத்தில், வீட்டுக்காரர் அய்யாதுரை விட்டுவைத்திருந்த ஈட்டி மர நாற்காலியில், என் பேத்தி, வயது ஒன்றேகால், தன் காரியத்தை முடித்தாள். அது அய்யாதுரையின் காலமான தகப்பனார் உட்கார்ந்த நாற்காலி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரை, ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் வந்து அதில் ஐந்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார். குடிவந்த அன்று அவர் போட்டது ஒரே நிபந்தனைதான். "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிரணும்."

என் மனைவி சண்முகவடிவு துணியால் ஒற்றியெடுத்து, நாற்காலியை ஜன்னலோரம் காற்றாட வைத்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். 10.45க்கு அடுத்த வீட்டுச் சந்திரமௌலி வந்தார். வலம் வந்தார். இழுத்தார்.

"ம். இது இன்னிக்கு வந்த வாடை இல்லை சார். உள்ளே ஊறிண்டிருக்கு."

இருபத்தைந்து நிமிடத்து வாடை எப்படி ஊறும் என்று கேட்க நினைத்தேன். வாடை வைத்தியரைக் கேள்வி கேட்டவர் உண்டா?

ஜூன் 10 அன்று அரை பாட்டில் வினிகர் ஊற்றினோம். வினிகர் வாடை போக 11 அன்று சமையல் சோடா. சோடா விட்ட வெள்ளைப் படலம் போக 12 அன்று ஆறு எலுமிச்சை. அதன் பிசுபிசுப்புப் போக 14 அன்று சீயக்காய். சீயக்காய்க் கறை போக 16 அன்று புளி. இத்தனையும் சேர்ந்து கிளப்பியதை அடக்க 17 அன்று கரித்தூள். 19 அன்று, தீட்டும் போகட்டும் என்று கோமியம்.

"மூத்திரத்தைப் போக்க மூத்திரமா?" என்றாள் சண்முகவடிவு.

"அது வேறே, இது வேறேம்மா" என்றார் சந்திரமௌலி.

வாடை எட்டிய தூரம்: ஜூன் 10 அன்று ஒரு அடி, 19 அன்று பதினேழு அடி. பால்காரர் வாசலோடு நின்றுகொண்டார். ஈட்டி மரம் என்ன நிறம்? ஜூன் 20 அன்று எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று மாலை சண்முகவடிவு யாரையும் கேட்காமல் பாலிஷ்காரர் ஷாஹுல் ஹமீதைக் கூட்டிவந்தாள். அவர் முகரக்கூட இல்லை. மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கொயந்த ஊத்துனது அரை டம்ளர் நைனா. மீதி அத்தினியும் நீ ஊத்துனது."

ஏழு நாள் நிழலில் உலர்த்தினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அரக்கு பாலிஷ் மூன்று கை பூசினார். ஜூன் 30 மாலை, ஒரு அங்குலத்தில் மூக்கை வைத்தேன். பாலிஷ் வாடையைத் தவிர வேறு வாடை, பூஜ்யம். "சோடா வேலை செஞ்சிருக்கு, பாத்தேளா?" என்றார் சந்திரமௌலி.

ஜூலை 1, காலை 9.10. அய்யாதுரை வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இரண்டாவது நிமிடமே திறந்துவிட்டார்.

"எங்க அய்யா வாடையை என்ன செஞ்சீக?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசி ஒரு வருஷம் தகப்பனாரால் எழுந்திருக்க முடியவில்லையாம். எல்லாம் அந்த நாற்காலியிலேயேதானாம். அந்த லேசான வாடைக்காகத்தான் மாதாமாதம் வந்திருக்கிறார். "இனி நான் எதுக்கு வரணும்? நீங்க எதுக்கு இருக்கணும்?" என்றார். இருபத்தோரு வருஷம் இருந்த வீடு.

"கவலையே படாதேங்கோ" என்றது வாசலில் ஒரு குரல். செருப்பு ஜோடியாக விடப்பட்டிருந்தது. "வாடையைக் கொண்டுவரவும் கைமருந்து இருக்கு. சார், பேத்தியைத் தூக்கிண்டு வாங்கோ. முதல்லே ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்கோ."

அய்யாதுரை ஒரு மாதம் தவணை கொடுத்தார். ஜூலையில் பேத்தியை நாற்காலியில் உட்கார வைத்தது இருபத்துமூன்று முறை; பலன் பதினான்கு. ஆகஸ்டு 1 அன்று அய்யாதுரை முழு ஐந்து நிமிடமும் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னும் கொஞ்சம் பழசாகணும். இருங்க" என்றார். இருக்கிறோம்.

அது போகட்டும். ஜூன் 12 எலுமிச்சையைப் படித்தபோது, 'அடடா, இதற்கு வேறொன்றை அல்லவா தடவியிருக்க வேண்டும்' என்று உங்களுக்குள் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால், உங்கள் அடுத்த வீட்டுக்காரரை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வாசல் அவர் வாசலிலிருந்து எத்தனை அடி என்று அவர் தெரிந்துகொள்வது நல்லது.