சைக்கிளேறிப் போன தூக்கம்

அருப்புக்கோட்டை கடைவீதியில் கயிறு, நாடா, கோரைப்பாய் விற்கிறவர் பூமிநாதன். அவருக்குச் சீட்டாட்டம் கிடையாது, அரசியல் கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நாடாக் கட்டிலில் சாய்ந்தால் நாலு மணி வரைக்கும் உலகத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடைவீதி முழுக்க அப்படித்தான். அந்த நேரத்தில் திருடன் வந்தால் அவனும் ஓர் ஓரமாகப் படுத்துத் தூங்கி எழுந்துதான் திருட வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பூமிநாதனின் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் பூட்டு விழுந்தது.

மூத்தவன் ஜெயக்குமாருக்கு எட்டு வயது, ரோஷினிக்கு ஐந்து. முதல் நாள் மத்தியானம் கட்டிலுக்கடியில் பம்பரம் விட்டார்கள். இரண்டாம் நாள் நுங்கு தின்று போட்ட பனங்காய்க் கூந்தலில் வண்டி செய்து, கட்டிலைச் சுற்றி ஓட்டினார்கள். மூன்றாம் நாள் பஸ் விளையாட்டு. ஜெயக்குமார் கண்டக்டர், வாயில் விசில். ரோஷினி டிரைவர். விருதுநகர் வழியாக மதுரைக்குப் போகிற அந்த பஸ், ஏனோ பூமிநாதனின் வயிற்றின் மேல் ஏறித்தான் போயிற்று.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏ கஸ்தூரி! இந்தப் பிள்ளைகளத் தூங்க வைக்க மாட்டியா?"

அவர் மனைவி கஸ்தூரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தூங்கு தூங்குன்னா தூங்கிருமா? ஓடியாடி அலுத்தாத்தான கண்ணு சொக்கும்?"

"தெருவுல ஓட விடு."

"கத்திரி வெயில்லயா? நல்லா இருக்குங்க நீங்க சொல்றது."

"கத்திரி முடிய இன்னும் இருவது நாளு கெடக்கே!"

"விடியக்காலம் யாராச்சும் நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா அலுக்கும். எனக்கு அடுப்படிய விட்டு நகர முடியல. உங்களுக்குக் கடை. பாவம், அதுக எங்கிட்டுப் போகும்?"

சொல்லிவிட்டுக் கீரையில் முகம் புதைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது பூமிநாதனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. நல்ல யோசனை வந்தால் அது தன் சொந்தச் சரக்கு என்று நினைப்பவர் அவர். வீட்டுக்கு வந்ததும் கைகால் கூடக் கழுவாமல் அறிவித்தார்.

"நாளையில இருந்து பிள்ளைகள சைக்கிள்ல வெச்சு ஊர் ஊராச் சுத்திக் காட்டப்போறேன். ஆறு மணிக்குக் கெளம்புனா பதினோரு மணிக்கு வந்துருவோம். கடைய நம்ம கடைப்பையன் அருஞ்சுனை தொறந்துக்கிருவான். அலுத்துப்போயி மத்தியானம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாக பாரு!"

கஸ்தூரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தோணலையே இது! அதான் யாவாரி மூளைங்கிறது."

யாவாரி மூளை மறுநாள் காலை வேலையைத் தொடங்கியது. ரோஷினியை முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்தார். ஜெயக்குமார் பின்னால் கேரியரில். வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று கடையிலிருந்து கொண்டுவந்த கட்டில் நாடாவால் பையனைத் தன் இடுப்போடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முதல் தரமான நாடா. நூறு கிலோ ஆள் புரண்டு படுத்தாலும் தொய்யாது என்று சொல்லி விற்பார்.

முதல் நாள் பக்கத்துக் கண்மாய். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் வெடிப்புக்கு வெடிப்பு தாவி ஓடினார்கள். ஜெயக்குமார் ஒரு வெடிப்புக்குள் கையை விட்டு நண்டு ஓட்டை எடுத்தான். ரோஷினி ஒரு செருப்பைத் தொலைத்தாள். அதைத் தேடியே பூமிநாதனுக்கு முட்டி கழன்றது. வெயில் ஏறியதும் திரும்பினார்கள். பிள்ளைகளின் தலையில் ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு, மிதித்துக்கொண்டே தான் சின்னப்பிள்ளையில் இதே கண்மாயில் நீச்சல் அடித்த கதையைச் சொன்னார். பிள்ளைகள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. ரோஷினி நெஞ்சிலும் ஜெயக்குமார் முதுகிலும் சாய்ந்துகொண்டு அவ்வளவு அமைதியாகக் கேட்டார்கள். தன் பேச்சுக்கு வீட்டில் இத்தனை மரியாதை கிடைத்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்து, கதையை இன்னும் நீட்டினார். தெருமுனைப் பள்ளத்தில் சைக்கிள் எம்பிக் குதித்தபோதுதான் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்று மத்தியானம் பம்பரம்.

"பக்கத்துல போனா பத்தாதுங்க. இன்னும் கொஞ்சம் தூரம் போனா அலுக்குமோ என்னமோ" என்றாள் கஸ்தூரி, ரொம்பவும் வருத்தத்தோடு.

மறுநாள் பந்தல்குடி. தூத்துக்குடி ரோட்டில் எதிர்காற்றில் மிதித்துப் போய்ச் சேர்ந்து, ஒரு டீக்கடை பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைத்து லாரி காட்டினார். வருகிற லாரிக்கெல்லாம் ஜெயக்குமார் கையை ஆட்டினான். டிரைவர்களும் ஹாரன் அடித்துப் பதில் சொன்னார்கள். ஓர் உப்பு லாரி வந்து நின்றது.

"இது எங்கிருந்து வருது தெரியுமா? கடல்ல இருந்து."

ரோஷினி லாரிக்கடியில் சிந்திக் கிடந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"கடல் இதுதானாப்பா?"

"இதேதான். தண்ணி மட்டும் அங்கன இருக்கு."

"அப்ப நான் கடலப் பாத்துட்டேன்" என்று அவள் அந்தக் கல்லைப் பாவாடையில் முடிந்துகொண்டாள். அவ்வளவு சுருக்கமாகக் கடல் காட்டி முடித்த தகப்பன் அந்தச் சீமையிலேயே தான் ஒருவன்தான் என்று பூமிநாதனுக்குப் பெருமையாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் உப்பு விளையும் விதத்தை விளக்கினார். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள். அன்று மத்தியானம் பம்பரத்தோடு நுங்கு வண்டியும் சேர்ந்து ஓடியது.

தூரம் போதவில்லை என்று திருச்சுழி போனார். கோயில், குளம், மண்டபம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். ஜெயக்குமார் மண்டபத் தூண்களை எண்ணினான். ரோஷினி தப்பாக எண்ணுகிறான் என்று சொல்லி முதலிலிருந்து எண்ண வைத்தாள். திரும்பும்போது தல புராணம் சொன்னார். எவ்வளவு தூரம் போனாரோ அவ்வளவுக்குப் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் தெம்பு கூடியது. அவருக்குத்தான் தொடையிரண்டும் கல்லாகி, சோற்றைப் பிசையும்போதே கண் சொருகியது. கண்ணை மூடினால் வயிற்றின் மேல் மதுரை பஸ்.

ஒரு வாரத்தில் கடையும் ஆட்டம் கண்டது. மேலத்தெரு காளிராஜ் கிணற்றுக்கு இருபது முழம் கயிறு கேட்டு வந்தார். பூமிநாதன் முழம் போட ஆரம்பித்தார். பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டு வந்தவர் பதினாலில் தூங்கிப்போனார். வாய்தான் நின்றதே தவிர, இருபது வருஷத் தொழில் பழக்கம், கை பாட்டுக்கு முழம் போட்டுக்கொண்டே இருந்தது. காலடியில் கயிறு குன்றாகக் குவிந்தது.

"மொதலாளி, நான் கெணத்துக்குக் கேட்டேன். நீங்க கடலுக்குக் குடுக்கீகளே!" என்றார் காளிராஜ். அருஞ்சுனை சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தை அவர் கவனிக்காமல் இல்லை. வெயிலில் ஊரே வாடிக் கிடக்கும்போது கஸ்தூரி மட்டும் புதுப்பானை மாதிரி இருந்தாள். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் இரண்டு மூன்று தடவை தட்டிய பிறகுதான் திறந்தாள். ஒரு நாள் அவள் இடது கன்னத்தில் வரி வரியாகக் கோடுகள் இருந்தன.

"என்னது கன்னத்துல?"

"அடுப்பு வெக்கைங்க."

"வெக்கை கோடு கோடாவா விழுகும்?"

"வெறகு கோடு கோடாத்தான எரியுது?"

இருபது வருஷமாகக் கோரைப்பாய் விற்கிற மனுஷனுக்கு அந்த அச்சு எந்தப் பாய் அச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எதுதான் தெரியும்!

எட்டாம் நாள் பூமிநாதன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கஸ்தூரியின் அண்ணன் முனீஸ்வரன் தூத்துக்குடியில் இருக்கிறார். வருஷா வருஷம் கோடை லீவுக்கு வரச்சொல்லிக் கடிதம் போடுவார். கடையைச் சொல்லிப் பூமிநாதன் வருஷா வருஷம் தட்டிக்கழிப்பார். இந்தத் தடவை அவரே ஆரம்பித்தார்.

"கஸ்தூரி, பாவம் ஒங்கண்ணன் எத்தன வருஷமாக் கூப்புடுறாக. போயிட்டு வாயேன்."

"ஐயோ, கத்திரியில உங்களத் தனியா விட்டுட்டா? யாரு பொங்கிப் போடுவா?"

"நான் கிளப்புக்கடையில சாப்புட்டுக்கிறேன்."

"வேண்டாங்க. மனசு கேக்காது."

"நான் சொல்றேன், போ! பத்து நாளு நிம்மதியா இருந்துட்டு வா."

"நெசமாத்தான் சொல்றீகளா? பெறகு பேச்சு மாற மாட்டீகளே?"

"இந்தா, இந்தக் கட்டில் மேல சத்தியம்" என்று அவர் நாடாவில் ஓங்கி அடித்தார். அவருக்கு அதைவிடப் புனிதமான பொருள் வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை பஸ். அன்று விடியற்காலை அஞ்சு மணிக்கே பிள்ளைகள் எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி ஒரே ஒரு பை எடுத்துவைத்தாள். மூன்று பேருக்குப் பத்து நாளைக்கு ஒரு பையா என்று கேட்கத் தோன்றாமல் அதைக் கேரியரில் வைத்து, மகளைக் கம்பியில் உட்கார வைத்து உருட்டிக்கொண்டே பூமிநாதன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அவர் மனசு அப்போதே கட்டிலில் காலை நீட்டியிருந்தது. பத்து மத்தியானம், தலைக்கு மூன்று மணி நேரம்.

பஸ் வந்தது. கஸ்தூரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"ம், ஏறுங்க ஏறுங்க" என்று பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளினார்.

ஜெயக்குமார் நகரவில்லை. "நாங்க போகல."

"என்னலே சொல்ற?"

"வீரசோழன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கித் தாரேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? நாங்க உங்ககூட சைக்கிள்லதான் போவோம்."

"ஏலே, அங்க கடல் இருக்குடா! ரோஷினி, வாத்தா, கடலப் பாக்க வேண்டாமா?"

ரோஷினி பாவாடை முடிச்சை அவிழ்த்து உப்புக் கல்லைக் காட்டினாள். "அதான் பாத்துட்டேனே."

பூமிநாதன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "நீயாச்சும் சொல்லேன் கஸ்தூரி!"

"நான் மூணு நாளாக் கேட்டுப் பாத்துட்டேங்க. அப்பா அப்பான்னு உசுர விடுதுக. இம்புட்டுப் பாசமா இருக்குறதுகள நான் எப்படிப் பிரிப்பேன்? அதான் ஒரு பையோட கெளம்பிட்டேன்."

"அப்ப நீயும் எறங்கு!"

"கட்டில் மேல சத்தியம் பண்ணியிருக்கீக" என்றாள் கஸ்தூரி பயபக்தியோடு. கண்டக்டர் விசில் கொடுத்தார். பூமிநாதன் அனிச்சையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நகரும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்! பிள்ளைக மத்தியானம் தூங்கணும்னா, திரும்பி வரும்போது சைக்கிள்ல தூங்க விடாதீக!"

"என்னது, சைக்கிள்ல தூங்குறாகளா?"

"அப்பா கதைய ஆரம்பிச்சாலே சொக்கிருதுன்னு மொத நாளே ஜெயக்குமாரு சொல்லிட்டானே!"

பூமிநாதன் பஸ்ஸோடு கூடவே ஓடினார். "அடிப்பாவி, இத அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நான் எப்பத் தூங்குறது?"

பஸ் தூத்துக்குடி ரோட்டில் திரும்பிப் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை பூமிநாதன் அங்கேயே நின்றார். கன்னத்துக் கோடுகள் எந்தப் பாயின் அச்சு என்று இப்போது துல்லியமாக விளங்கியது. கடையில் அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்த, நெருக்கமாக நெய்த பத்தமடைக் கோரைப்பாய்.

ஆனாலும் யாவாரி மனசு, நஷ்டத்திலும் ஒரு லாபத்தைத் தேடியது. பிள்ளைகள் அஞ்சு மணிக்கே எழுந்தவர்கள். வீடு போய்ச் சேரும்வரை கண்ணயராமல் பார்த்துக்கொண்டால், இன்றைக்கு ஒரு மத்தியானமாவது மிச்சம். மகளைக் கம்பியில் ஏற்றினார், மகனை நாடாவில் கட்டினார், கதை எதுவும் சொல்லாமல் வாயை இறுக மூடிக்கொண்டு மிதித்தார்.

கடைவீதிக்குள் நுழையும்போது மணி ஒன்றேகால். எல்லாக் கடையும் சாத்தியாயிற்று. நிழலில் நாய் தூங்கியது, சாக்கின் மேல் அருஞ்சுனை தூங்கினான், பாதி சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து வீதி முழுக்கக் குறட்டை. பூமிநாதனின் முதுகில் மெத்தென்று ஒரு தலை சாய்ந்தது. நெஞ்சில் இன்னொன்று.

"ஏலே, தூங்காதீக! தூங்காதீக!" என்று பூமிநாதன் அலறிக்கொண்டே மிதிக்க, கடைவீதி மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது, அந்த இரண்டு பிள்ளைகளைத் தவிர.