என் குரலை அழிக்கச் சொன்ன டீச்சரும் அந்த வாசிப்புக்காரியும்

அன்புள்ள மகளுக்கு,

நான் உனக்காக வாசித்துப் பதிவு செய்து அனுப்பிய நாற்பத்தொரு பாடங்களையும் நீ உன் போனிலிருந்து அழித்துவிட்டாய். இது அநியாயம். மற்றபடி நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இரு. அது வேறு விஷயம்.

எழுத்துகள் உன் கண்ணுக்கு முன்னால் இடம் மாறுகின்றன என்று ஆறாம் வகுப்பில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பட்டறையிலிருந்து வந்து கிரீஸ் கையைக் கழுவியதும் உன் பாடத்தை வாசித்தவன் நான். நர்சிங் படிக்கப் போன பிறகும் நீ பக்கங்களைப் படம் பிடித்து அனுப்ப, நான் வாசித்து அனுப்பினேன். சிறுநீரகம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கேள், சொல்கிறேன்.

ஒரு குறை இருந்தது உண்மை. காதில் விழுந்ததெல்லாம் உனக்கு அப்படியே மனப்பாடம். வாய்மொழித் தேர்வில், "இதயத்துக்கு நாலு அறை, மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஏய் மோட்டார நிறுத்து, டேங்க் வழியுது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுதேர்வுக்கு வரச் சொன்னாராம். ஏன் வைத்தார்? அறை நாலும் சரிதானே?

உடனே உங்கள் கல்லூரி உதவி மையத்து டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க பதிவு எல்லாத்துலயும் வீட்டுச் சண்டை கேக்குது, அழிச்சிடச் சொல்லிட்டேன். இனிமே ஆப்பே வாசிக்கட்டும். வேகத்தக் கொறைச்சுக்கலாம், வாசிக்கிற வரியில மஞ்சள் வெளிச்சம் வரும்."

"என் வாசிப்புல வெளிச்சம் இல்லையா?"

"இருமல்தான் இருக்கு."

ஆப்புக்குள் இருக்கும் அந்த வாசிப்புக்காரியை நானும் கேட்டேன். இருமுவதில்லை, கொட்டாவி விடுவதில்லை. "உங்களவிட நல்லாத்தான் வாசிக்கிறா. திரும்பக் கேட்டா எரிஞ்சு விழறதில்ல" என்கிறாள் உன் அம்மா. ஆனால் நோயாளி இறக்கும் பக்கத்தை அந்த வாசிப்புக்காரி ரயில் நேரம் அறிவிப்பது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அந்த இடத்தோடு நிறுத்தி, பாதிப் பதிவைத்தான் அனுப்பினேன். "அப்பா, செத்தது புத்தகத்துல இருக்கற ஆளு. மேல படிங்க" என்று நீதான் பதில் அனுப்பினாய்.

இப்போதும் ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டு உட்கார்கிறேன். வாசிக்க ஒன்றும் இல்லை. நேற்று ஷாம்பு டப்பாவின் பின்பக்கத்தைச் சத்தமாக முழுவதும் வாசித்து முடித்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குங்க?" என்றாள்.

இந்தக் கடிதத்தையும் அந்த வாசிப்புக்காரிதான் உனக்கு வாசிப்பாள். தன்னைப் பற்றி எழுதியதைத் தன் வாயாலேயே சொல்லட்டும்.

மறுதேர்வில் தேறி, வெள்ளை உடுப்பில் நிமிர்ந்து நில். என் ஆசி முழுவதும் உனக்கு. கோபம் கொஞ்சம் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. வாயால் சொன்னேன், போன் எழுதிக்கொண்டது. எழுத்துகள் எனக்கும் இடம் மாறும். நானாகவே படிக்கக் கற்றவன். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உனக்கு அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து முறை முணுமுணுத்துப் பார்த்த பிறகே பதிவு செய்தேன். ஆகவே, எழுத்து இடம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையை டீச்சர் எனக்கும் வைக்க வேண்டும். உன் அம்மா துணைக்கு வர வேண்டும், சிரிக்கக் கூடாது. வாசிப்புக்காரி உனக்குப் பாடம் வாசிக்கலாம், அனுமதிக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, ஒரு பக்கம், எந்தப் பக்கமானாலும் சரி, எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தடுமாறினால் தடுமாறு. நான் நேரம் பார்க்க மாட்டேன்.