சாமிக்குச் சேதி சொன்னவன்

திருவண்ணாமலையில் அதிகம் பேரை அழவைத்தவர் யார் என்று பார்த்தால் முதலிடம் எமனுக்கு, அடுத்த இடம் ‘ஐயோ’வுக்கு. எமனாவது சத்தமில்லாமல் வருவான். ஐயோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு வருவார்.

தந்தி கொடுப்பவர் அவர். எழுபதுகளின் கடைசியில் தேரடித் தெருப் பக்கம் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். அவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது அங்கேதான். அந்தக் காக்கி உடுப்பு தெருமுனையில் தெரிந்ததுமே எந்த வீட்டிலும் முதலில் வரும் சொல் ‘ஐயோ’. அதுவே பெயராக நின்றுவிட்டது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பயப்படுவதை மட்டும் விடாமல் படித்தேன். வாடகைக்குப் போன சைக்கிள் பத்து நிமிடம் தாமதித்தால் லாரி, கிணறு, போலீஸ் என்று வரிசையாக யோசிப்பேன். அவர் பஞ்சருக்கு வந்தால்கூட டயரைப் பார்க்கும் முன் அவர் தோள்பையைத்தான் பார்ப்பேன்.

“உனக்கு ஒண்ணும் இல்லப்பா, காத்துதான் போயிடுச்சு” என்பார்.

ஒரு முறை கல்யாண வாழ்த்துத் தந்தியோடு சத்திரத்துக்குள் நுழைந்தார். பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, “வாழ்த்துதாம்மா, வாழ்த்து!” என்றதும் மாப்பிள்ளை வீட்டார், “அத வாசல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?” என்று பாய்ந்தார்கள். பந்தியில் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து, நல்ல தந்தியாக இருந்தால் தெருமுனையிலேயே “நல்ல சேதி! நல்ல சேதி!” என்று கத்திக்கொண்டு வந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே மாதத்தில், அவர் கத்தாமல் வந்தாலே தெரு மொத்தமும் அழ ஆரம்பித்தது. யார் வீட்டுக்கு என்று தெரியாதே, அதனால் எல்லா வீட்டிலும் அழுதார்கள். இனிமேல் கத்தக் கூடாது என்று போஸ்ட் மாஸ்டர் உத்தரவு போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தை மாதம் தீர்த்தவாரிக்குப் போகும் அண்ணாமலையாருக்கு, வல்லாள மகாராஜா போரில் இறந்துபோன சேதி வந்து சேரும். பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சாமிதான் பிள்ளை. உடனே மேளம் நின்றுபோகும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்பும். மாசியில் போய்க் கருமமும் செய்யும். ஊருக்கே தெரிந்த கதை. ஐயோ கேட்டது வேறு.

“அந்தச் சேதிய சாமிகிட்ட சொன்னவன் யாரு? அவன் பேரு இன்னா?”

குருக்களைக் கேட்டார். “அதெல்லாம் ஐதீகம்” என்றுவிட்டார் அவர். தமிழ் வாத்தியாரைக் கேட்டார். “தூதன்” என்றார் வாத்தியார். “அது வேலைங்க. என்னை தந்திக்காரன்ற மாதிரி. எனக்குப் பேரு வேணும்.” வாத்தியார் மறுநாள் முதல் வேறு தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனார்.

ஒரு சாயங்காலம் கோயிலில் தலபுராணச் சொற்பொழிவு. கூட்டத்தின் நடுவில் காக்கி உடுப்போடு எழுந்தார். நாலு பக்கமும் “ஐயோ!” இரண்டு பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று அழவே தொடங்கினார்கள். மேடையில் இருந்த புலவர் முகம் வெளுத்து, “எங்க வீட்லங்களா?” என்றார்.

“தந்தி இல்லீங்க. ஒரு சந்தேகம்.”

கேட்டார். போன உயிர் திரும்பி வந்த கோபம் புலவருக்கு. “ராஜா பேரு இருக்கு, ராணிங்க பேரு இருக்கு. எழவு சொல்ல வந்தவனுக்கு எதுக்குய்யா பேரு?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் டயரைக் கழற்றும்போது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “பேரு கெடக்கட்டும்பா. சாமி அவன ‘உக்காரு’ன்னு சொல்லியிருக்குமா? அதான் எனக்குத் தெரியணும். பேரு கேட்டிருந்தா உக்காரவும் சொல்லியிருக்கும். கேக்கலன்னா சாமியும் நம்ம தெரு மாதிரிதான்.”

நான் காற்றடித்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே அடித்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் எதிர்ச்சாரியில் வந்து நின்றார். சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நானே தெருவைத் தாண்டிப் போனேன்.

“இங்கிலீஷ் வராதுண்ணே. நீங்களே படிங்க.”

காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் முடியலையாம். உன்ன பாக்கணும்றாங்களாம். கெளம்பு.”

கடையை அவரே பூட்டினார். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார வைத்தார். திண்டிவனத்தில் அக்கா வீட்டில் இருந்தாள் அம்மா. நான் சாத்துக்குடிப் பையோடு வாசலில் போய் நின்றதும் அக்கா வீட்டுக்காரர் திகைத்தார். “செத்துட்டாங்கன்னு தந்தியில தெளிவாதான மாப்ள குடுத்தேன்? பழம் வாங்கினு வந்திருக்கியே!”

வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் அது உயிரோடு இருக்கும் அம்மாவுக்காகப் பட்ட கவலை. அந்த இரண்டு மணி நேரம் அவர் கொடுத்தது.

கருமம் முடிந்து திரும்பி வந்தேன். ஐயோ கடைப் பக்கமே வரவில்லை. ஒரு நாள், காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ச்சாரியில் தலைகுனிந்து போனார். ஓடிப்போய் ஹேண்டில் பாரைப் பிடித்தேன்.

“தந்திய மாத்திப் படிக்கிறது வேலை போற தப்புப்பா. மனசு கேக்கல. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடாத.”

“யார் பேர்ல எழுதறது? பேரே தெரியாதேண்ணே. வாங்க, உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க.”

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏழுமலை” என்றார். பிறகு இனிஷியலோடு, “வே. ஏழுமலை.”

காதில் விழாததுபோல இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறையும் சொன்னார்.